தெரியாதம்மா

மண்டபத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் தெரியாதம்மா. பட்டப்பெயர் வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு அவர்கள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. இவளுக்கு வைத்ததில் குத்தல் குறைவு, ஏனென்றால் அது அப்படியே உண்மை. எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியாது" என்பாள். வெட்கப்படாமல், தலையைச் சொறியாமல், மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொல்வாள்.

வயதில் என்னைவிட இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். கடல் ஆராய்ச்சி செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். பாம்பன் பாலத்தின்மேல் பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. முன்கட்டில் நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஒரே மகள் மாரி. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் பாசிக் கொட்டகை. தீவுகளுக்குப் போய் முங்கிப் பாசி பறித்துவரும் பெண்களிடம் வாங்கி, காயவைத்து, மதுரைக்கு ஏற்றி அனுப்புவதுதான் என் வீட்டுக்காரரின் தொழில். நாங்கள் இரண்டு பேருமே திருவாடானைப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். கண்மாய் வற்றி வயல் பாளம் பாளமாக வெடித்த பிறகுதான் கடலைத் தேடி வந்தோம். அந்தக் கடல்மேல் எனக்கு இன்றைக்கும் முழு நம்பிக்கை வந்துவிடவில்லை.

மழை வருமா என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் தெரியாது என்று சொல்கிறவர் உண்டா? வானத்தைப் பார்த்து, காற்றை மோந்து, போன ஐப்பசியை வம்புக்கு இழுத்து, ஏதாவது சொல்லித்தான் தீர வேண்டும். சொன்னது பலிக்காவிட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அவளும் வானத்தைப் பார்ப்பாள். நன்றாகவே பார்ப்பாள். பார்த்துவிட்டு, தெரியாது என்பாள். குழம்பில் உப்புச் சரியா என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டால், நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "தெரியலைக்கா, இன்னும் கொஞ்சம் விடுங்க" என்பாள். என் பொறுமை அங்கேயே போய்விடும். ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று பாசிக்காரப் பெண்கள் வாயைக் கிளறியபோதும் அதே பதில்தான். அன்றைக்குக் கொட்டகையே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஆனால் சிரிக்க முடியாத இடத்திலும் அவள் அப்படித்தான் இருந்தாள். அகதி முகாமிலிருந்து எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வரும் ஒரு பெண், இவள் படித்தவள் என்று கேள்விப்பட்டு, சண்டை ஓய்ந்து நாங்கள் எங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவோமா என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நான், சீக்கிரமே போவீங்க தாயி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவள் தெரியாது என்றுவிட்டாள். அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? ஆனால் மறுநாள் அந்தப் பெண் வந்தபோது என்னைத் தாண்டிப் போய் அவளோடுதான் பேசிக்கொண்டு நின்றாள். அதற்கு மறுநாளும் அப்படியே. அது ஏன் என்று எனக்கு விளங்க ரொம்ப நாள் ஆயிற்று.

எங்கள் வீட்டில் அடித்துச் சொல்கிற ஆட்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மாரிக்கு நாலு வயதில் வலிப்பு வந்தது. முதலில் பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வாய் எதையோ மெல்லும். பிறகு ஒரு கை இழுக்கத் தொடங்கி, உடம்பு முழுக்கப் பரவும். கோடாங்கி உடுக்கடித்துப் புளியமரத்து முனி என்றார், கிடா வெட்டினோம். சொந்தபந்தமெல்லாம் ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினால் தீர்ந்துவிடும் என்றார்கள். ஆடினோம், பிள்ளைக்குச் சளி பிடித்தது. நாட்டு வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்து, வயிற்றுப் பூச்சி தலைக்கு ஏறிவிட்டது என்றார். கடைசியில் ராமநாதபுரத்து டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று கண்டித்து அனுப்பினார். மாத்திரைக்கு வலிப்பு அடங்கியது.

அடங்கியதும் என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. மாத்திரை தின்ற பிள்ளை தூங்கி வழிகிறாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் திட்டுகிறார், இப்படியே எத்தனை வருஷம்? கிளையை வெட்டி என்ன செய்ய, வேரைப் பிடுங்க வேண்டாமா என்பார். வேர் என்று அவர் நினைத்தது வைத்தியர் சொன்ன பூச்சியை. மாரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாள். அதைவிட வேறு சாட்சி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்த மனுஷர். கொட்டகையில் எவ்வளவு வேலை இருந்தாலும் அவள் தலைக்குப் பேன் பார்க்க நேரம் ஒதுக்குவார். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பின்கட்டுக்காரி என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று எனக்கு ரொம்ப காலம் தெரியாது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று விலைபோகும் பாசியையெல்லாம் விட்டுவிட்டு, பெண்கள் கழித்துப்போட்ட குப்பையில் உட்கார்ந்து கிளறுவாள். முடிக்கற்றை மாதிரிப் பழுப்புச் சிவப்பில் ஒரு பாசி. அதைக் கண்டால் தனியே எடுத்துவைக்கும்படி என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள். அவரும் ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பசியோடு கிடப்பாளே என்று அவள் வேலைசெய்யும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் அறையில் மேசைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வெள்ளெலி ஒன்று. அவள் எதிரே உட்கார்ந்து இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எலி அசையவில்லை. பார்வை குத்திட்டு நின்றது. வாய் மட்டும் மெல்லுவதுபோல அசைந்தது. பிறகு மழையில் நனைந்த நாய் உடம்பை உதறுமே, அப்படி உதறியது. இரண்டு பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்கால்கள் வெட்ட, மல்லாக்க விழுந்தது. அந்த எலியின் முகத்தில் நான் பார்த்தது என் பிள்ளையின் முகம். தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் நேராகவே கேட்டேன்.

"எம்புள்ளைக்கு வர்றதை நீங்க எலிக்கு வரவைக்கிறீகளா?"

"ஆமாக்கா" என்றாள். "அந்தச் செவப்புப் பாசியோட சத்தை எடுத்து ஊசியில குடுப்போம். எப்படி வருதுன்னு பாத்தாத்தான் எப்படி நிறுத்துறதுன்னு பாக்க முடியும்."

அதற்குமேல் அவளே சொன்னாள். மூளையை ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதில் உள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு. வீட்டுச் சுவரெல்லாம் சின்னச் சின்னக் கதவுகள். அவற்றை ஏற்பி என்பார்களாம். ஒரு வகைக் கதவு திறந்தால் வீடு விழித்துக்கொள்ளும், இன்னொரு வகை திறந்தால் அடங்கித் தூங்கும். எழுப்புகிற கதவைத் தட்ட மூளையிலேயே ஒரு சரக்கு ஊறுகிறது, தூங்கவைக்கிற கதவுக்கு வேறொன்று. இரண்டும் அளவாக இருக்கும்வரை தெருவில் சத்தமில்லை. எழுப்புகிறவை கூடி, அடக்குகிறவை குறைந்தால் எல்லா வீடும் ஒரே நேரத்தில் எழுந்து கூச்சல் போடும். அதுதான் வலிப்பு. மாரி தின்கிற மாத்திரை தூங்கவைக்கிற கதவுக்குத் துணை நிற்கிறது.

"அப்ப அந்தப் பாசி?"

"அதுல இருக்கிற சத்து, எழுப்புற சரக்கு மாதிரியே வேஷம் போடும். நம்ம ஆளுன்னு கதவு திறந்துடும். நம்ம ஆள்னா வந்த சோலியைப் பாத்துட்டுப் போயிடுவான். இது வாசப்படியிலயே உக்காந்துக்கும். கதவைச் சாத்தவே முடியாது."

அப்படி ஒரு தடவை அல்லோலகல்லோலப்பட்ட தெரு அதோடு பழையபடி ஆகாது, அடுத்த தடவை சின்னச் சத்தத்துக்கே எழுந்துகொள்ளும் என்றும் சொன்னாள். என் மகளுக்கு எந்தக் கதவில் கோளாறு என்று கேட்டேன். என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். அவளைக் காலி செய்யச் சொல்லும்படி அன்றைக்கே வீட்டுக்காரரிடம் நின்றேன். எலிக்கு வலிப்பைக் கொடுக்கிறவள் பிள்ளை இருக்கிற வீட்டில் எதற்கு என்றேன். எந்தப் பாசியைக் கொடுத்து என்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. பாவம், அந்தம்மா ஒருத்திதான் நம்மிடம் ஒன்றும் விற்க வராத ஆள் என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அவளிடம் அவர் தனியாக ஒன்று கேட்டிருந்தார், அது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. சாக்கில் சேர்த்த சிவப்புப் பாசியைக் கொடுக்கும்போது, இதை மனுஷர் தின்பதுண்டா என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். அவள் உள்ளதைச் சொன்னாள். தூர தேசத்தில் காலங்காலமாக இதைக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்களாம், வயிற்றுப் பூச்சி செத்து விழுமாம். பூச்சியால் வலிப்பு வருமா என்று அடுத்துக் கேட்டார். ஒரு சிலருக்கு வரும், எந்தப் பூச்சி, எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றாள். மாரிக்கு அதுதானா என்றார். தெரியாது என்றாள்.

கோடாங்கியாக இருந்தால் இல்லவே இல்லை என்று அடித்துப் பேசியிருப்பார், என் வீட்டுக்காரரும் விட்டிருப்பார். அவள் தெரியாது என்றது அவர் காதில், இருக்கலாம் என்று விழுந்தது. கதவுக் கதையைக் கேட்டது நான், பூச்சிக் கதையைக் கேட்டது அவர். இரண்டையும் ஒரு சட்டியில் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் பூச்சி மருந்தை அமாவாசையன்று விடியலில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். அன்றைக்குத்தான் பூச்சி வாயைத் திறந்துகொண்டு அலையும் என்பது பேச்சு. மருந்துக்குமேல் மருந்து ஆகாது என்பதால், அதற்கு முன்னால் சில நாள் வேறு எந்த மருந்தும் கொடுக்காமல் பத்தியம் காப்பார்கள். இந்த அமாவாசைக்குப் பூச்சி மருந்து கொடுத்துவிடுவோம் என்று அவர் சொன்னபோது, வைத்தியர் தரும் வழக்கமான கஷாயம்தானே என்று நானும் தலையாட்டினேன். வலிப்பு மாத்திரையைப் பத்தியத்துக்காக நிறுத்தினோம். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடினாள். பார்த்தாயா, மாத்திரைதான் இவளை அமுக்கி வைத்திருந்தது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

அமாவாசைக் காலையில் கொட்டகையிலிருந்து ஒரு டம்ளரில் கறுப்பாக எதையோ கொண்டுவந்தார். கருப்பட்டி போட்டிருந்தது. மாரி முகத்தைச் சுளித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அடுத்த டம்ளர் உச்சிப்பொழுதுக்கு என்றார்.

வெயில் ஏறின நேரத்தில் பின்கட்டுக்காரி கடற்கரையிலிருந்து வந்தாள். அவள் எப்போதும் கொட்டகை வழியாகத்தான் வருவாள். முற்றத்தில் மாரி சோழி ஆடிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குள் ஏதோ சட்டி உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கையில் வெந்து சொதசொதத்த பாசி, நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இதை யார் குடிச்சா?"

என் வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு, "நீங்க சொன்ன மருந்துதாம்மா. பாப்பாவுக்கு ஒரு டம்ளரு குடுத்துருக்கு" என்றார்.

"மாத்திரை?"

"பத்தியத்துக்கு நிப்பாட்டிருக்கு."

அவள் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனதை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்தப் பாசி எது என்று உறைத்தது. கண்ணாடிப் பெட்டியும் எலியும் கண்முன்னால் வந்து நின்றன. அவள் என் வீட்டுக்காரரைத் திட்டவில்லை, உட்காரவும் இல்லை. மிச்சக் கஷாயத்தை ஒரு புட்டியில் ஊற்றினாள், பாசியில் கொஞ்சம் தாளில் மடித்தாள், மாரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகணும், வண்டியை எடுங்க என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. பிள்ளை நன்றாகத்தானே ஆடிக்கொண்டிருக்கிறாள் என்றார். நான் அழுகையோடு அவள் கையைப் பிடித்து, வலிப்பு வந்துருமா என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. ஆனா அதை இங்க உக்காந்து தெரிஞ்சுக்க வேண்டாம்."

பாசி ஏற்றுகிற எங்கள் டெம்போவில்தான் கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் மாரியை மடியில் வைத்திருந்தேன். பின்கட்டுக்காரி எங்கள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து பிள்ளையிடம் ஓயாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அது என்ன மரம், அந்த ஆடு என்ன நிறம் என்று கேட்டாள். மாரி பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் ஒரு பஸ்ஸும் மாட்டுவண்டியும் நின்றன. ரயில் வரும் திசையில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்த வண்டியில மாடு எத்தனை பாப்பா?"

மாரி பதில் சொல்லவில்லை. மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மெல்லத் தொடங்கியது.

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் கோவையாகச் சொல்ல எனக்கு வராது. கை இழுத்தது, உடம்பு இழுத்தது, உதடு நீலம் பாரித்தது. அவள் பிள்ளையைச் சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குத் தன் முந்தானையைச் சுருட்டிக் கொடுத்தாள். பஸ்ஸிலிருந்து சனம் இறங்கி ஓடிவந்தது. ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார், ஒருவர் அரிவாளைக் கையில் கொடு என்றார், இன்னொருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்ற வந்தார். அவள் கையை விரித்து மறித்துக்கொண்டு, யாரையும் பிள்ளையின் பக்கத்தில் விடவில்லை. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதைத் தூக்கவும் இல்லை, ஆட்டவும் இல்லை, பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ரயில் சாவகாசமாக வந்து ராமேஸ்வரத்துப் பக்கம் போனது. இழுப்பு நின்றது. அப்பாடா என்று நான் பிள்ளையை அள்ளப் போனேன். கண் திறக்காமலேயே மறுபடியும் தொடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவள்தான் பேசினாள். மாத்திரை நிறுத்தியதையும் பாசி குடித்ததையும் ஒளிக்காமல் சொல்லி, புட்டியை மேசைமேல் வைத்தாள். டாக்டர் ஒரு ஊசி போட்டார், நிற்கவில்லை. இன்னொன்று போட்டார். அதற்கும் பிறகு வேறு ஏதோ மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். சாயங்காலம்தான் உடம்பு அடங்கியது. உயிருக்கு இனி பயமில்லை, கண் விழிக்கட்டும் பார்ப்போம் என்றார் டாக்டர்.

கண் விழித்தாள். ஆனால் எங்களைத் தெரியவில்லை. ஆத்தா, மாரி என்று அவர் கூப்பிடக் கூப்பிட, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வாயில் ஒரு சொல் இல்லை. அன்றைக்கு இல்லை, மறுநாளும் இல்லை. என் பிள்ளை இனி எனக்கு இப்படித்தானா என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் வராண்டாவில் அவளை மறித்துக் கேட்டார்.

"என்னாலதானே?"

"தெரியாதுண்ணே" என்றாள். "மாத்திரையை நிறுத்துனதாலயும் வந்திருக்கலாம். பாசியாலயும் வந்திருக்கலாம். அடக்குறவனை வெளிய அனுப்பிட்டு எழுப்புறவனை உள்ள விட்ட மாதிரி ரெண்டும் சேந்தும் இருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவாய், நீயும் ஒரு மனுஷிதானா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தேன், கிளம்பி வந்த நாளிலிருந்து அவள் காலில் செருப்பு இல்லை.

மரத்தடியில் உட்கார்ந்த மனுஷர் சோறு தண்ணி தொடவில்லை. நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "பேசாம பாம்பன் பாலத்துல போயி நின்னுறலாம்னு இருக்கு" என்றார். பிள்ளை உள்ளே அப்படிக் கிடக்கிறாள், இவர் இங்கே இப்படிப் பேசுகிறார். அவளிடம் போய்த்தான் சொன்னேன். திட்டின வாயால் திரும்ப அவளிடமே போனேன், வேறு யாரிடம் போக?

அவள் முதலில் மாரியிடம் போனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் உள்ளங்கையில் தன் விரலை வைத்தாள். கண்முன்னால் விரலை இப்படியும் அப்படியும் கொண்டுபோனாள். காதருகே சொடுக்கினாள். எலியைப் பார்த்த அதே பார்வை, ஆனால் இந்தத் தடவை அந்தக் கண்ணில் நீர் நின்றது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவருக்கு எதிரே, மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, மாரி பேசுவா. பழையபடி ஆயிடுவா. எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்தார். "தெரியுமா?"

"தெரியும்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி என்னிடமிருந்து ஆறிப்போன டீயை வாங்கிக் குடித்தார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பிள்ளையிடம் போனார். டாக்டர் சொன்னாலும் கேட்டிருக்கமாட்டார், சாமி இறங்கிச் சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார். முகாம் பெண் ஏன் என்னைத் தாண்டிப் போய் அவளிடம் நின்றாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு அவர் மகளின் கட்டிலைவிட்டு நகரவில்லை. பதில் வராவிட்டால் என்ன என்று ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார், பின்கட்டுக்காரி டெம்போவில் பேசிக்கொண்டு வந்ததுபோல. ஒரு காலையில் பிள்ளையின் முகத்தைத் துடைக்கக் குனிந்தார். மாரி மூக்கைச் சுளித்தாள்.

"அய்யா, உம்மேல பாசி நாறுது."

அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பின்கட்டுக்காரி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஊருக்கு வந்ததும் சாக்கில் இருந்த சிவப்புப் பாசியைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டு எரித்தாள். தனக்கு வேண்டியதைத் தானே கரையில் எடுத்துக்கொண்டாள், ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. பாசிக்காரப் பெண்களை உட்காரவைத்து, எதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று காட்டிக் கொடுத்தாள். மாத்திரை மட்டும் விடக்கூடாது என்று எங்களுக்கு ஒரு தடவைதான் சொன்னாள், அதுவே போதுமாக இருந்தது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, இனி எப்போ வருவீங்க என்று மாரி கேட்டாள். வழக்கமான பதில்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை போனது என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

உன்மேல் தப்பில்லை என்று சொந்தபந்தமெல்லாம் அவரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அது அவருக்கு ஏறவில்லை. எல்லாரும் நான் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாக, அந்தம்மா ஒருத்திதான் தெரியாதுன்னுச்சு, அதுலதான் எனக்குப் பாதி ஆறுதல் என்பார். மீதிப் பாதி எது என்று நான் கேட்டதில்லை. அந்த மரத்தடி வார்த்தைதான் என்று எனக்குத் தெரியும்.

மாரி வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமும் ஆயிற்று. வலிப்பை மறைக்காமல் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தோம். அவள் முழுகாமல் இருந்தபோது, வயிற்றுப் பிள்ளைக்காக மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று கேட்க மதுரையில் ஒரு மூளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பழைய கதையெல்லாம் கேட்டார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன், பாசியையும், ரயில்வே கேட்டையும், மரத்தடியையும். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, அவங்க அப்படியா சொன்னாங்க என்றார். ஆமாங்க, தெரியும்னுதான் சொன்னா, அவ சொன்னது போலவே நடந்தது என்றேன் நான், பெருமையாக.

"இல்லம்மா" என்றார் அவர். "அவ்வளவு நேரம் வலிப்பு வந்த குழந்தை பேசுமா பேசாதான்னு அந்த நிலைமையில யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாது. இன்னிக்கு இவ்வளவு மெஷின் வச்சுக்கிட்டு என்னாலயே சொல்ல முடியாது."

திரும்பி வரும் பஸ்ஸில் மாரி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்த அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்து நினைத்துப் பார்த்தேன். செருப்பில்லாத அந்தக் காலையும் பார்த்தேன். மழைக்கும் உப்புக்கும்கூடச் சொல்லாத ஒரு சொல்லை அவள் எங்களுக்காகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை பேசாமலே போயிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்தபோது, அந்தக் கூட்டத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது கண்பார்வை மங்கல். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அதே மாத்திரைதான், பயமில்லை என்றேன். அந்தம்மா கதையைச் சொன்னியா என்றார். சொன்னேன் என்றேன்.

"அதுக்கு என்ன சொன்னாரு?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அந்தம்மாவுக்கு நல்லாத் தெரிஞ்சுதான் சொல்லியிருக்குன்னாரு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். "இதைக் கேக்க மதுரைக்குப் போகணுமாக்கும்? எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.